ஐஸ் உருகித் திறக்கும் பூட்டு: வீட்டில் செய்தால் எவ்வளவு தூரம் நம்பலாம்?

#1 தனிவழி

வணக்கம். இந்தப் பகுதி வயது வந்தோருக்கானது என்பதால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். எனக்கு செல்ஃப் பாண்டேஜ், அதாவது என்னை நானே கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பது, நீண்ட நாளாகவே பிடிக்கும். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சென்னையில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். இதுவரை எப்போது வேண்டுமானாலும் அவிழ்த்துக்கொள்ளும் முடிச்சுதான் போட்டிருக்கிறேன். ஆனால் நினைத்தவுடன் அவிழ்த்துவிடலாம் என்றால் மனசு அடங்குவதில்லை. நேரம் ஆனால்தான் திறக்கும் என்கிற மாதிரி ஒன்று வேண்டும்.

காயலான் கடையிலும் வீட்டிலும் கிடைத்ததை வைத்து இரண்டு மாதிரி யோசித்திருக்கிறேன். முதலாவது: தூண்டில் நரம்பின், அதாவது நைலான் நூலின், ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு ஃப்ரீசரில் உறைய வைக்கிறேன். அந்த ஐஸ் கட்டி ஒரு பழைய வடிகட்டி மேல் உட்கார்ந்திருக்கும். நரம்பின் மறுமுனையில் பூட்டின் சாவி தொங்கும். ஐஸ் உருகினால் சாவி விழும். இரண்டாவது: சின்ன பிவிசி குழாய்க்குள் ஐஸ், அதற்குப் பின்னால் சைக்கிள் பிரேக் ஸ்பிரிங், முன்னால் ஒரு ஆணி. ஐஸ் உருகியதும் ஸ்பிரிங் தளர்ந்து ஆணி வெளியே வரும்.

என்னைக் கட்டிக்கொள்ளாமல், சாவியை மட்டும் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரு நாள் முக்கால் மணி நேரத்தில் விழுந்த சாவி, இன்னொரு நாள் இரண்டு மணி நேரம் ஆகியும் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒரே டிரே, ஒரே அளவு தண்ணீர். இதைக் கணக்கிட ஏதாவது வழி இருக்கிறதா?

#2 நெறியாளர்

கேள்வி நாகரிகமாக இருக்கிறது, பதில்களும் அப்படியே இருக்கட்டும். படங்கள் வேண்டாம். கேலி செய்பவர்களின் பதிவை நீக்கிவிடுவேன். பதினெட்டு வயது ஆகாதவர்கள் தயவுசெய்து வெளியேறவும்.

#3 குளிர்_பட்டறை

தம்பி, எனக்கு ஃபிரிட்ஜ், ஏசி வேலை. நீங்கள் எதற்காகச் செய்கிறீர்கள் என்பது உங்கள் விஷயம், ஐஸைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வேண்டும். ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இருந்து எடுத்தால், பூஜ்யத்துக்கு வருவதற்கே கிராமுக்கு இன்னும் 38 ஜூல் ஆகும். இதெல்லாம் மாறாத எண்கள். மாறுவது, அந்தச் சூடு ஐஸுக்கு எந்த வழியில், எவ்வளவு வேகத்தில் வந்து சேர்கிறது என்பது. காற்று அசையாமல் இருந்தால் மெதுவாக வரும். மின்விசிறி சுற்றினால் வேகமாக வரும். கட்டி எவர்சில்வர் தட்டில் பட்டுக்கொண்டிருந்தால் அது வேறு கணக்கு. உங்கள் வடிகட்டி இரும்பா, பிளாஸ்டிக்கா என்பதிலேயே நேரம் மாறும்.

சென்னையில் இன்னொன்று இருக்கிறது, பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. காற்றின் ஈரம் குளிர்ந்த ஐஸின் மேல் தண்ணீராகப் படியும். ஒரு கிராம் ஆவி அப்படிப் படியும்போது ஏறக்குறைய 2500 ஜூல் சூட்டை விட்டுவிட்டுப் போகிறது. ஏழு கிராம் ஐஸை உருக்க அது போதும். அதனால் வெப்பமானி ஒரே எண்ணைக் காட்டினாலும், கடல் காற்று வீசும் நாளில் ஒரு நேரம் ஆகும், வறண்ட நாளில் வேறு நேரம் ஆகும். ஏசி போட்டால் குளிர்ச்சி வருவதோடு ஈரமும் குறைகிறது. உங்கள் முக்கால் மணியும் இரண்டு மணியும் இப்படித்தான் வந்திருக்கும். அந்த இரண்டு நாளிலும் ஏசி, ஃபேன் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

கட்டியைப் பெரிதாக்கினால் நேரமும் அதே அளவுக்கு நீளும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும், மேற்பரப்பு நான்கு மடங்காகும், நேரம் சுமார் இரண்டு மடங்குதான் ஆகும். எடையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

இரண்டாவது மாதிரியைக் கைவிட்டுவிடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். மூடிய பிவிசி குழாய் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும், அல்லது ஆணி ஒருபக்கமாகச் சாய்ந்து இறுகிக்கொள்ளும். அதன் பிறகு ஐஸ் முழுக்கத் தண்ணீரானாலும் ஆணி வராது.

#4 தனிவழி

மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்னதுதான், ஒரு நாள் ஏசி ஓடியது, ஒரு நாள் ஓடவில்லை. ஏசியை 24-ல் வைத்து, ஃபேனை நிறுத்தி, பிளாஸ்டிக் வடிகட்டி மாற்றிப் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் நேரம் சீராக வருமா?

#5 குளிர்_பட்டறை

சீர் கொஞ்சம் கூடும். ஆனால் கடைசி நொடி உங்கள் கையில் இல்லை. சாவி விழுவது ஐஸ் முழுக்கத் தீர்ந்தபோது அல்ல, நரம்பைப் பிடித்திருக்கும் இடம் விட்டுக்கொடுத்தபோது. நரம்பு நடுவில் உறைந்ததா, ஓரத்தில் உறைந்ததா, முனையில் முடிச்சு இருக்கிறதா, எல்லாம் சேர்ந்து அதை முடிவு செய்யும். நைலானுக்குப் பதில் தாமிரக் கம்பி போட்டால், வெளியே இருக்கிற சூட்டை அதுவே உள்ளே கொண்டுபோய் தன்னைச் சுற்றி முதலில் உருக்கிக்கொண்டு வழுக்கி வந்துவிடும். சாவியையே ஐஸுக்குள் உறைய வைப்பவர்களுக்கும் இதுதான் நடக்கிறது.

#6 பூட்டுப்பித்தன்

எனக்குப் பழைய பூட்டுகள் என்றால் உயிர். இந்தக் கேள்வி 150 வருடப் பழசு என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1870-களில் வங்கிக் கொள்ளையர்கள் பெட்டகத்தை உடைக்க மெனக்கெடவில்லை. இரவில் காசாளர் வீட்டுக்குப் போய், அவரையும் குடும்பத்தையும் பிடித்து வைத்து, அடித்துப் பெட்டகத்தின் பூட்டு எண்ணை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் நேரப்பூட்டு. எண் தெரிந்தாலும் காலையில் குறித்த நேரம் வரும்வரை பெட்டகம் திறக்காது. ஜேம்ஸ் சார்ஜென்ட் செய்த பூட்டு 1874-ல் இல்லினாய் மாநிலத்தில் மோரிசன் என்ற சின்ன ஊர் வங்கியில் பொருத்தப்பட்டது.

அந்தப் பூட்டுகளின் உள்ளே பார்த்தால் ஒரு கடிகாரம் இருக்காது. இரண்டு இருக்கும், பிறகு வந்தவற்றில் மூன்று கூட இருக்கும். எல்லாமே தனித்தனியாக ஓடும். அவற்றில் ஏதாவது ஒன்று நேரத்தை எட்டினாலே போதும், பூட்டு திறக்கும். ஒன்று நின்றுபோனால் வங்கி தன் பணத்தையே எடுக்க முடியாமல் கதவுக்கு வெளியே நிற்கும் என்று செய்தவர்களுக்குத் தெரியும். அத்தனைக்கும் அது தேர்ந்த கடிகாரக் கைவினைஞர்கள் செய்த இயந்திரம், உள்ளே இருந்தது வெறும் பணம்.

நீங்கள் ஒரே ஒரு ஐஸ் கட்டியை வைத்து உள்ளே ஒரு மனிதரைப் பூட்டப் பார்க்கிறீர்கள். இரண்டு தனித்தனி வழி இல்லாத எதையும் நேரப்பூட்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

#7 ரிச்சி_தெரு

ஐஸையெல்லாம் விடுங்கள் நண்பரே. மின்னணுச் சாமான்கள் விற்கும் நம் ரிச்சி தெருவில் ஒரு சுற்று வந்தால் போதும். காருடைய சென்ட்ரல் லாக் மோட்டார், ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஒரு ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை). நிமிடக் கணக்கில் துல்லியமாகத் திறக்கும். இன்னும் அழகான உதிரி பாகம் ஒன்று சொல்கிறேன்: முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினின் டோர் லாக். உள்ளே ஒரு சூடாகும் வில்லையும் இரட்டை உலோகப் பட்டையும் இருக்கும். கரண்ட் இருக்கும்வரை பட்டை வளைந்து பூட்டியிருக்கும். கரண்ட் போனால் பட்டை ஆறி ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே திறக்கும். மெஷின் நின்ற பிறகும் கதவு உடனே திறக்காமல் அடம்பிடிப்பது இதனால்தான். கரண்ட் கட் ஆனால் திறந்துவிடும், பயமே இல்லை.

#8 குளிர்_பட்டறை

நல்ல யோசனை, ஆனால் எல்லா மெஷினிலும் அந்த வகை இல்லை. புதிதாக வரும் பலவற்றில் இருக்கும் பூட்டு, பூட்ட ஒரு மின் துடிப்பு, திறக்க இன்னொரு மின் துடிப்பு என்று வேலை செய்யும். கரண்ட் போனால் அது இருந்த நிலையிலேயே நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை பிளாஸ்டிக் டப்பாதான். காயலான் கடையில் எது எந்த வகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரிலேயிலும் இதே சிக்கல்தான். மோட்டார் சுமையை அடிக்கடி இழுத்தால் முனைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், பிறகு எந்தக் கட்டளைக்கும் விலகாது. சென்ட்ரல் லாக் மோட்டாருக்கு திறக்கும் நேரத்தில் பேட்டரியில் தெம்பு இருக்க வேண்டும். கரண்ட் இருந்தால் திறக்கும் பூட்டு ஒரு வகை, கரண்ட் போனால் திறக்கும் பூட்டு ஒரு வகை. அலுவலகக் கதவில் காந்தப் பூட்டு வைத்து, தீ எச்சரிக்கை அடித்தால் அதன் கரண்டைத் துண்டிப்பதும் இரண்டாவது வகைக்காகத்தான். மனிதன் உள்ளே இருக்கும் இடத்தில் முதல் வகைக்கு இடமே இல்லை.

#9 ரிச்சி_தெரு

துடிப்பு வகைப் பூட்டு பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். ஆனாலும் ஐஸை விட மின்னணுவைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். மேசை மேல் வைத்து இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கலாம். ஐஸை அப்படிச் செய்ய முடியாது.

#10 டொராண்டோ_குளிர்

நான் இதை இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிறவன். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வந்து குடியேறியவன். ஐஸ் பூட்டுப் பக்கம் நின்று கொஞ்சம் பேச வேண்டும், பிறகு அதற்கு எதிராகவும்.

ஐஸை மக்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. பேட்டரி இல்லை, நிரல் இல்லை, கரண்ட் இல்லை. ஃப்ரீசருக்கு வெளியே எடுத்த ஐஸ் உருகாமல் இருக்கவே முடியாது. குளிர்காலத்தில் இங்கே ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று எலும்பாய் வறண்டிருக்கும், அப்போது சென்னைக் கணக்கை விட மிகவும் தாமதமாகும், ஆனால் உருகியே தீரும். இந்த நம்பிக்கையில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஐஸ் உருகுவது வேறு, நீங்கள் விடுபடுவது வேறு. நடுவில் ஒரு சாவி கீழே வர வேண்டும், அது கைக்கு எட்டும் இடத்தில் விழ வேண்டும், அதை விரல் பிடிக்க வேண்டும், பார்க்காமலே துவாரத்தில் போட்டுத் திருப்ப வேண்டும். சாவி தரையில் பட்டுத் துள்ளிக் கட்டிலுக்கு அடியில் போனதைக் கண்டிருக்கிறேன். நரம்பு வடிகட்டியின் ஓட்டையில் சிக்கித் தொங்கியதையும் கண்டிருக்கிறேன். ஐஸ் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது.

சாவிக்கு எப்போதும் இரண்டாவது நூல் ஒன்று போடுங்கள். அதன் மறுமுனை உங்கள் விரலில் இருக்கட்டும். எங்கே விழுந்தாலும் இழுத்துக்கொள்ளலாம்.

கைவிலங்கு வாங்குகிறவர்களுக்கு: பொம்மை விலங்கு வேண்டாம், அதன் பற்கள் தேய்ந்து சிக்கிக்கொள்ளும். உண்மையான விலங்கில் இரட்டைப் பூட்டு இருக்கும், சாவியின் முனையால் ஒரு சின்னக் குமிழை அழுத்துவது. அதைப் போடாவிட்டால் நீங்கள் புரளும்போது விலங்கு இன்னும் இறுகிக்கொண்டே போகும். எனக்குக் கேட்டால் தனியாக இருக்கும்போது உலோகமே வேண்டாம் என்பேன். துணியையும் கயிற்றையும் கத்தரிக்கோல் வெட்டும், எஃகை வெட்டாது.

#11 நீலாம்பல்

நான் செவிலியர். எலும்பு, நரம்புப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். மேலே எல்லோரும் பூட்டைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள், பூட்டுக்குள் இருக்கும் கையைப் பற்றி நான் பேசுகிறேன்.

மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில், தோலுக்கு நேர் அடியில், எலும்பின் மேல் ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது. அதற்கு மெத்தை கிடையாது. இறுக்கமான விலங்கோ கயிறோ அதை அழுத்தினால் கட்டைவிரலின் பின்புறம் மரத்துப்போகும். பல வாரம் அப்படியே இருக்கலாம். மேல்கையில் எலும்பைச் சுற்றி வரும் பெரிய நரம்பு அழுந்தினால் மணிக்கட்டைத் தூக்கவே முடியாது, கை தொங்கிப்போகும். நாற்காலிக் கைப்பிடியில் கையைப் போட்டபடி போதையில் தூங்கிவிட்டவர்களுக்கு வருவது இதுதான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கம், இன்னொரு நரம்பு எலும்பைச் சுற்றித் திரும்புகிறது. அங்கே அழுத்தம் விழுந்தால் பாதம் தொங்கும், நடக்கும்போது கால்விரல் தரையில் இடிக்கும்.

நரம்பு அழுந்தும்போது கட்டாயம் வலிக்கும் என்று நினைக்க வேண்டாம். பலருக்கு எறும்பு ஊர்வது போல் தொடங்கி, பிறகு ஒன்றுமே தெரியாமல் போகும். வலி நின்றுவிட்டது, உடம்பு பழகிவிட்டது என்று நினைப்பார்கள். பழகவில்லை. அந்த நிமிடமே அவிழ்க்க வேண்டும். ஐஸ் பூட்டு போட்டவர் அந்த நிமிடம் என்ன செய்வார்? இன்னும் பாதி ஐஸ் மிச்சம் இருக்கும். உருகி முடிந்தபோது சாவியைத் திருப்ப வேண்டிய விரலில் உணர்வு இருக்காது. குளிர்ந்த தண்ணீர் கையில் சொட்டிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்.

தனியாக இருக்கும்போது கழுத்தைச் சுற்றி எதுவும் வேண்டாம். தளர்வான பட்டை கூட வேண்டாம். வாயை அடைக்க வேண்டாம், வாந்தி வந்தால் மூச்சுக்குழலுக்குப் போகும். கையைப் பின்னால் கட்டிக் குப்புறப் படுக்க வேண்டாம், மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு களைத்துப்போகும். நின்ற நிலையில் எதிலாவது கட்டிக்கொள்ள வேண்டாம், அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும், விழ இடமில்லாமல் கட்டிய கயிற்றிலேயே தொங்கிவிடுவீர்கள். குடித்திருந்தால், தூக்க மாத்திரை போட்டிருந்தால், அன்று இந்தப் பேச்சே வேண்டாம். இப்படித் தனியாக இருந்து இறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் பூட்டு அல்ல, மூச்சு.

#12 புதுமுகம்

அக்கா, தளர்வாகக் கட்டினால் பிரச்சினை இல்லைதானே? இரண்டு விரல் உள்ளே போகிற மாதிரி கட்டினால்?

#13 நீலாம்பல்

இரண்டு விரல் இடைவெளி நல்ல தொடக்கம், அதோடு முடியவில்லை தம்பி. அசையாமல் இருந்தால் கை வீங்கும், அரை மணியில் அந்த இடைவெளி குறைந்திருக்கும். உடம்பு சாயும்போது கட்டு ஒரே பக்கம் இழுபடும். அகலமான பட்டை, மெல்லிய கயிற்றை விட நல்லது. சில நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா விரலையும் மடக்கி விரித்துப் பாருங்கள், கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு விரல் சொன்னபடி கேட்கவில்லை என்றால் அன்றைக்கு அதோடு முடிந்தது. முனை மழுங்கிய பேண்டேஜ் கத்தரிக்கோல் மருந்துக் கடையில் கிடைக்கும். கட்டிய நிலையிலேயே கை எட்டும் இடத்தில் நூலில் கட்டி வைத்து, அந்த நிலையில் அதை எடுத்து ஒரு துண்டுக் கயிற்றை வெட்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். வெட்ட முடியாவிட்டால் அந்த நிலையே வேண்டாம்.

#14 பூட்டுப்பித்தன்

நீலாம்பல் அக்கா சொன்னதைப் படித்ததும் கப்பல்களில் போடும் தானியங்கி மிதவை அங்கி நினைவுக்கு வந்தது. தண்ணீரில் விழுந்தால் தானே காற்று நிரம்பும். உள்ளே தண்ணீரில் கரையும் ஒரு சின்ன வில்லை இருக்கிறது. அது ஒரு ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும். நனைந்து கரைந்ததும் ஸ்பிரிங் பாய்ந்து காற்றுக் குப்பியைத் துளைக்கும். ஐஸ் பூட்டின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். இவ்வளவு நம்பகமாகச் செய்த பிறகும் அதே அங்கியில் கையால் இழுக்க ஒரு கயிறு வைத்திருக்கிறார்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் வாயால் ஊத ஒரு குழாய். கரைவது ஒருபோதும் ஒரே வழியாக இருப்பதில்லை.

அலாஸ்காவில் நண்டுக் கூடுகளில் ஒரு பக்கத்தில் உள்ள திறப்பைப் பருத்தி நூல் மாதிரி மக்கிப்போகும் ஒன்றால் மூட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கூடு கடலில் தொலைந்துபோனால் நூல் மக்கி, உள்ளே சிக்கிய உயிர்கள் வெளியேறட்டும் என்று. நண்டுக்கே அந்த ஏற்பாடு இருக்கிறது.

#15 தனிவழி

எல்லோருக்கும் நன்றி. உண்மையில் ஒரே ஒரு பதிவு போதும் என்று நினைத்துத்தான் கேட்டேன். நரம்பு பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது.

இரண்டாவது வழி வேண்டும் என்பது புரிகிறது. கத்தரிக்கோல் வைத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் தவறிப்போனால் கூப்பிட யார் இருக்கிறார்கள்? வெளிநாட்டுக் குழுக்களில் எழுதும்போது ரொம்பச் சாதாரணமாக, யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள் என்கிறார்கள். நான் யாரிடம் சொல்வது? அம்மாவிடமா, அலுவலகத்திலா, ஹவுஸ் ஓனரிடமா? கையில் கட்டோடு கதவைத் திறந்து என்னை யாராவது பார்ப்பதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படிப் பார்க்கப்படுவதை விட இரவு முழுக்க அப்படியே கிடந்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

#16 டொராண்டோ_குளிர்

தம்பி, இந்த இழையில் மிகவும் ஆபத்தான வரி உங்கள் கடைசி வரிதான். ஐஸும் இல்லை, ரிலேயும் இல்லை.

கூச்சம்தான் ஆளைக் கொல்கிறது. போன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தும் கூப்பிடாமல் கிடப்பார்கள். இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாம், இன்னும் ஒரு அரை மணி பார்க்கலாம் என்று. அதற்குள் கை போய்விடும், மயக்கம் வந்துவிடும். யாரைக் கூப்பிடுவது என்பதைக் கட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும். கட்டிக்கொண்ட பிறகு அந்த முடிவை எடுக்க மனசு விடாது.

பூட்டுகளிலிருந்து தப்பிக்கும் வித்தைக்காரர் ஹூடினியை எல்லோருக்கும் தெரியும். 1912-ல் பெர்லினில் முதன்முதலாக அந்த நீர்ப்பெட்டி வித்தையைக் காட்டினார், கால்களைப் பூட்டி, தலைகீழாக, தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள். அந்தப் பூட்டுகளை அவரை விட நன்றாக அறிந்தவர் உலகத்தில் இல்லை. ஆனாலும் பெட்டிக்குப் பக்கத்தில் உதவியாளர் கோடாலியோடு நிற்பார், நேரம் தாண்டினால் கண்ணாடியை உடைக்க. கோடாலிக்காரர் பக்கத்தில் இருப்பதை அவர் மானக்கேடாக நினைக்கவில்லை.

#17 நீலாம்பல்

தனிவழி, ஒன்று சொல்கிறேன், நம்புங்கள். அவசரப் பிரிவில் நாங்கள் பார்க்காதது எதுவும் இல்லை. மோதிரம் சிக்கி வந்தவர், விலங்கு சிக்கி வந்தவர், இன்னும் இங்கே எழுத முடியாதவை. வெட்டுவோம், கையைப் பார்ப்போம், உணர்வு திரும்புகிறதா என்று சோதிப்போம், அனுப்புவோம். பத்து நிமிடக் கூச்சம்தான், அதோடு போய்விடும். தாமதமாக வந்தால் கை திரும்பாமல் போகலாம்.

முழுக் கதையையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒரு நண்பரிடம், "இன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு நான் மெசேஜ் அனுப்புவேன், அனுப்பவில்லை என்றால் கூப்பிடு, எடுக்கவில்லை என்றால் வீட்டுக்கு வா, சாவி உன்னிடம் இருக்கட்டும்" என்று சொன்னால் போதும். தனியாக வாழ்பவர்கள் உடம்பு சரியில்லாதபோது இப்படிச் சொல்வது வழக்கம்தான். அவர் ஏன் என்று கேட்டால் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். போன் குரலால் இயங்குகிற மாதிரி வைத்து, கட்டிய நிலையில் அது உங்கள் குரலைக் கேட்டு அழைக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். 108 என்றாலும் 112 என்றாலும் அழைக்கத் தயங்க வேண்டாம்.

#18 குளிர்_பட்டறை

அதோடு, வாசல் கதவின் உள் தாழ்ப்பாளைப் போடாதீர்கள். நான் வேலைக்குப் போகும் வீடுகளில் பார்க்கிறேன், வெளிப் பூட்டுக்கு சாவி பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருப்பார்கள், ஆனால் உள்ளே மேலும் கீழும் இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருப்பார்கள். நண்பர் சாவியோடு வந்தும் வெளியே நிற்பார். ஆம்புலன்ஸ் வந்தாலும் கதவை உடைக்க வேண்டும். சாவியால் வெளியிலிருந்து திறக்கிற பூட்டு மட்டும் போட்டிருக்கட்டும்.

#19 ரிச்சி_தெரு

இதை யோசிக்கவே இல்லை. அண்ணா சொன்னது சரி.

என் பங்குக்கு ஒரு யோசனை: ஐஸும் இருக்கட்டும், மின்னணுவும் இருக்கட்டும், ஆனால் இரண்டும் கட்டைப் பிடிக்க வேண்டாம். பூட்டுப்பித்தன் சொன்ன கடிகாரங்கள் மாதிரி இரண்டும் தனித்தனியாக ஓடி, எது முதலில் முடிந்தாலும் சாவி வரட்டும். கூடவே, நேரம் தாண்டினால் போன் தானாக அந்த நண்பருக்குச் செய்தி அனுப்பட்டும். நீங்கள் பொத்தானை அழுத்தினால்தான் அது நிற்கும். அழுத்தாமல் விட்டாலே செய்தி போய்விடும். கூச்சத்தில் கூப்பிடாமல் கிடப்பதற்கு வழியே இருக்காது.

#20 டொராண்டோ_குளிர்

ரிச்சி தெரு சொன்ன கடைசி விஷயத்தை நானும் பல வருடமாகச் செய்கிறேன். அதுவே பெரிய காப்பு.

இன்னொன்று, தனிவழி முதலில் எழுதியதற்குப் பதில். நினைத்தவுடன் அவிழ்த்துவிடலாம் என்றால் மனசு அடங்குவதில்லை என்றீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் கண்டுகொண்ட வழி, உடனே வெளியேறும் வழிக்கு ஒரு விலை வைப்பது. கயிறு நல்ல விலையுள்ள பருத்திக் கயிறு, பார்த்துப் பார்த்து வாங்கியது. கத்தரிக்கோலால் வெட்டினால் அது போச்சு. ஐஸ் உருகும்வரை காத்திருந்தால் கயிறு பிழைக்கும். வெளியேற வழி கையிலேயே இருக்கிறது, ஆனால் சும்மா சலிப்பில் அதை எடுக்க மாட்டீர்கள். கை மரத்தால், மனசு கலங்கினால், வெளியே யாரோ கதவைத் தட்டினால், யோசிக்காமல் வெட்டிவிடுவீர்கள். மனசு அடங்க இதுவே போதும். ஐஸ் தாமதப்படுத்த வேண்டியது சுகமான வழியை மட்டும்தான்.

#21 புதுமுகம்

கயிறு விலை யோசனை அருமை அண்ணா.

#22 தனிவழி

இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு மாற்றியிருக்கிறேன். உலோகப் பூட்டு, விலங்கு எதுவும் இல்லை. கை முன்னால்தான் இருக்கும், உட்கார்ந்த நிலை, அகலமான பட்டை, அதன் மேல் பருத்திக் கயிறு. ஐஸ் பிடிப்பது முடிச்சை இழுத்து அவிழ்க்கும் கயிற்று நுனியை மட்டும். ஐஸ் உருகினால் நுனி மடியில் விழும், இழுத்தால் முழுக்கக் கழன்றுவிடும். கத்தரிக்கோல் வலது தொடைக்குப் பக்கத்தில் நூலில் இருக்கிறது. கட்டிய நிலையில் துண்டுக் கயிறு வெட்டிப் பார்த்தேன், சில நொடிதான் ஆனது. உள் தாழ்ப்பாள் போடுவதில்லை. கல்லூரி நண்பனிடம் சாவி கொடுத்து, ஒன்பதரை மெசேஜ் விஷயம் சொன்னேன். ஏன் என்று கேட்டான். பாதிதான் சொன்னேன். "சரிடா, போன் சைலன்ட்டில் போட மாட்டேன்" என்றான்.

ஒரு சந்தேகம் மட்டும். ஐஸ் தட்டு ஸ்டூல் மேல் இருக்கிறது, கீழே ஃபேன், சார்ஜருக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் இருக்கிறது. வடிகிற தண்ணீர் அதில் படாமல் இருக்க என்ன செய்யலாம்?

#23 குளிர்_பட்டறை

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அந்த அறையிலேயே வைக்காதீர்கள். போனை முன்னாலேயே முழுக்க சார்ஜ் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூலுக்கு அடியில் விளிம்பு உயர்ந்த பெரிய பிளாஸ்டிக் தட்டு, அதற்குள் ஒரு டவல். தண்ணீர் அளவு நீங்கள் உறைய வைத்ததை விட அதிகமாகத்தான் வரும், காற்றின் ஈரமும் அதில் சேரும். சென்னையில் அதை எப்போதும் நினைவில் வையுங்கள்.

#24 நீலாம்பல்

முதல் தடவை அரை மணிக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் இரண்டு கையையும் பக்கம் பக்கமாக வைத்து, கட்டைவிரலின் பின்புறம் தொட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் உணர்வு ஒரே மாதிரி இருக்கிறதா என்று. மறுநாள் காலையிலும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். கட்டு இறுக்கமாக இருந்தது என்று மட்டும் சொன்னால் கூட அவருக்கு என்ன பார்க்க வேண்டும் என்று தெரியும்.